பூல் மேசையில் இடது கை: எந்த பிரிட்ஜை எப்போது போடுவது

தம்பி கேட்டது இதுதான். திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் இருக்கிற மேசையில் பின்னேரங்களில் பூல் விளையாடுகிறார். கிட்டத்துப் பந்துகள் விழுகின்றன, தூரத்து நேர் ஷொட் மட்டும் பொக்கெட் வாயில் தட்டித் திரும்பி வருகிறது. சுட்டுவிரலைக் கியூவுக்கு, அதாவது பந்தை அடிக்கிற கோலுக்கு, மேலால் வளைத்துப் பிடித்தால்தான் சரிவரும், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று கூட்டாளிமார் சொல்கிறார்களாம். அது உண்மையா என்றும், தங்கச்சியும் பழக வருகிறாள், அவளுடைய கை சின்னது, அவளுக்கு எது பொருந்தும் என்றும் கேட்டிருந்தார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு விரலை வளைக்க வேண்டாம். நீங்கள் சொல்கிற குறை விரலின் வடிவத்தால் வருவதில்லை, அடிக்கிற அந்தக் கணத்தில் இடது கை மேசையில் அசைவதால் வருவது. அசைகிற கையில் விரலை எப்படி மடித்தாலும் அந்த அசைவு கூடவே வரும். (வலது கைக்காரருக்கு எழுதுகிறேன், இடது கைக்காரர் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.)

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பூல் கியூ ஏறத்தாழ 147 சென்டிமீட்டர் நீளம். அதை இரண்டு இடத்தில்தான் தாங்குகிறோம், பின்னால் பிடிக்கிற கை, முன்னால் பிரிட்ஜ், அதாவது கியூவைத் தாங்க மேசையில் ஊன்றுகிற இடது கை. இரண்டுக்கும் இடையில் 80 சென்டிமீட்டர், பிரிட்ஜில் இருந்து கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்து வரை 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடது கை பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் கியூவின் முனை இரண்டரை மில்லிமீட்டர் நகரும். பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான். நடுவில் பட வேண்டிய முனை இரண்டரை மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் நீங்கள் கேட்காத பக்கச் சுழற்சி பந்தில் ஏறும், பந்து புறப்படுகிற திசையும் கொஞ்சம் விலகும். ஒரு முழத் தூரத்தில் அது தெரியவே தெரியாது. 9 அடி மேசையில் விளையாடுகிற பரப்பின் நீளம் 254 சென்டிமீட்டர், அந்தத் தூரத்துக்குப் போய் இன்னொரு பந்தையும் அடிக்கும்போது அதே விலகல் பெருத்து பொக்கெட்டையே தவறவிடும். உங்களுக்குக் கிட்டத்துப் பந்து விழுந்து தூரத்துப் பந்து விழாமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் திறந்த பிரிட்ஜை, அதாவது விரல்களை விரித்து, பெருவிரலும் சுட்டுவிரலும் சேருகிற பள்ளத்தில் கியூவை வைக்கிற முறையை, வடிவாகப் பழகுங்கள். கையை மேசைத் துணியில் தட்டையாக வையுங்கள். விரல்களை நன்றாக அகட்டுங்கள். இப்போது விரல் நுனிகளைத் துணியில் அழுத்தியபடியே உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்தால் முட்டிகள் மேலே எழும், உள்ளங்கைக்குக் கீழே சின்னக் குகை மாதிரி இடைவெளி வரும். பெருவிரலைச் சுட்டுவிரலின் அடி முட்டியோடு ஒட்டி அழுத்தி, அதன் நுனியை மட்டும் மேல்நோக்கி நிமிர்த்துங்கள். அங்கே ஆழமான ஒரு பள்ளம் கிடைக்கும், கியூ போகிற பாதை அதுதான். கியூவை அதில் வைத்து, வலது கையால் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெருவிரல் ஒட்டவில்லை.

அநேகமானவர்கள் விடுகிற இடம் கையின் அடிப்பகுதி. மணிக்கட்டுக்கு முன்னால் இருக்கிற அந்தத் தடித்த சதை துணியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கரம் (கேரம் பலகை) விளையாடாத ஆள் குறைவு, கரத்தில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது விரல்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டு ஒரு விரலை மட்டும்தானே அசைக்கிறோம்? அந்த ஊன்றல்தான் இங்கேயும் வேண்டும், இங்கே அசைக்க ஒரு விரல்கூட இல்லை என்பது மட்டும் வித்தியாசம். கையை வைத்த பிறகு பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லி மணிக்கட்டை மெல்லத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இலேசாகத் தள்ளியதுமே கை நகர்ந்தால் மேசையில் பாரம் போதாது. உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கையில் இறங்க வேண்டும், தோளில் இருந்து கை நீண்டிருக்க வேண்டும், முழங்கை கொஞ்சம் மடிந்திருந்தால் பரவாயில்லை.

தூரம் எவ்வளவு? பிரிட்ஜில் இருந்து வெள்ளைப் பந்துக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், சாதாரண ஷொட்டுக்கு இது போதும். மெல்லத் தொடுகிற ஷொட்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் வரலாம், பலமாக அடிக்க 25 வரைக்கும் போகலாம். தூரம் கூடக்கூட வேகம் கிடைக்கும், பிசகும் கூடும். தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் பார்த்துப் பழகினவர்கள் எப்போதும் ஒரு அடிக்கு மேலே பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது கையை முன்னால் கொண்டுபோகத்தான்.

அப்புறம் உயரம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பந்தை அடித்த பிறகு அது முன்னால் உருண்டு போக வேண்டுமென்றால் மேற்பகுதியில் அடிக்கிறோம், பின்னால் இழுத்து வர வேண்டுமென்றால் கீழே. பெரும்பாலானவர்கள் கீழே அடிக்க என்ன செய்கிறார்கள்? பின்கையைத் தூக்குகிறார்கள். கியூ சரிந்து முனை இறங்குகிறது, அடியும் சரிந்தே விழுகிறது, பந்து சின்னதாகத் துள்ளுகிறது, நடுவில் இருந்து மயிரிழை தள்ளிப் பட்டாலும் வளைந்து ஓடுகிறது. உயரத்தை மாற்ற வேண்டியது இடது கை. கீழே அடிக்க விரல்களை முன்னால் நீட்டிக் கையைத் தட்டையாக்குங்கள், பள்ளம் தானாக இறங்கும். மேலே அடிக்க விரல் நுனிகளை உள்ளே இழுத்து முட்டிகளை உயர்த்துங்கள். பந்தின் மையம் துணியில் இருந்து மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஆகவே நாங்கள் பேசுகிற ஏற்ற இறக்கம் ஒரு விரல் தடிப்புக்குள்ளேதான். பின்கை இரண்டுக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும், கியூ முடிந்த அளவு கிடையாகப் போகட்டும்.

இன்னுமொன்று, குனிந்து குறிபார்த்த பிறகு குறி பிசகியிருப்பதாகத் தெரிந்தால் இடது கையை அரக்கி அரக்கிச் சரிசெய்யாதீர்கள். எழுந்து நின்று, பந்தும் பொக்கெட்டும் சேர்கிற கோட்டைத் திரும்பப் பார்த்து, கையை அந்தக் கோட்டிலேயே இறக்குங்கள். கூட விளையாடுகிறவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

சரி, கூட்டாளிமார் சொன்ன மூடிய பிரிட்ஜுக்கு வருவோம். அது கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்கு இடமிருக்கிறது. நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் மூன்றையும் விரித்துத் துணியில் ஊன்றுங்கள். பெருவிரலை நடுவிரலின் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். சுட்டுவிரலைக் கியூவுக்கு மேலால் சுற்றிக் கொண்டுவந்து அதன் நுனி பெருவிரல் நுனியில் படும்படி வளையமாக்குங்கள். கியூ இப்போது மூன்று பக்கம் அடைபட்டிருக்கிறது: கீழேயும் உட்பக்கமும் நடுவிரலும் பெருவிரலும், மேலே சுட்டுவிரல். பலமாக அடிக்கும்போது, முக்கியமாக வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுத்து வருகிற நீளமான டிரோ ஷொட்டிலும், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிரேக்கிலும், கியூ மேலே கிளம்பாமல் இது அடக்கிவைக்கும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் 1999இல் கார்டிஃபில் பூலின் ஒரு வகையான 9 பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் எடுத்தவர், அவருடைய வளையத்தைப் பார்த்துப் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கலாம். அதே நேரம் இங்கிலாந்தின் அலிசன் பிஷர் ஸ்னூக்கரில் உலகப் பட்டங்கள் எடுத்துவிட்டு 1995இல் அமெரிக்கா போய்ப் பூலில் பல வருடம் முன்னணியில் நின்றவர், அவர் பெரும்பாலும் அடித்தது ஸ்னூக்கரில் பழகின திறந்த கையால். ஆகவே பெரிய ஆட்டக்காரர் எல்லாரும் வளையம்தான் போடுகிறார்கள் என்பது சரியில்லை.

மூடிய பிரிட்ஜுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. சுட்டுவிரல் கியூவுக்கு மேலே வந்து உட்காருவதால் முனைக்குப் போகிற பார்வைக் கோட்டில் ஒரு மறைப்பு வருகிறது, பந்தின் ஓரத்தில் மட்டும் படவைக்கிற தூரத்து மெல்லிய வெட்டு ஷொட்டுக்கு இது தொந்தரவு. வளையம் இறுகினால் கியூ உரசி இழுபடும், தளர்ந்தால் வளையம் இருந்தும் பிரயோசனமில்லை. அதைவிட முக்கியம், கையில் இருக்கிற கியூ. பூலுக்கென்று செய்த கியூவின் முனை 12, 13 மில்லிமீட்டர், முனையில் இருந்து ஒரு அடி வரைக்கும் தடிப்பு கிட்டத்தட்ட மாறாமல் வரும், அதனால் வளையத்துக்குள் ஒரே இறுக்கத்தில் வழுக்கிப் போகும். ஸ்னூக்கர் கியூவின் முனை 9, 10 மில்லிமீட்டர், அங்கிருந்தே தொடர்ந்து பருத்துக்கொண்டு போகும். அதை வளையத்துக்குள் முன்னால் தள்ளத் தள்ள இறுகும், விரல் விரிந்து கொடுக்க வேண்டிவரும், விரல் விரிந்தால் கை அசையும். எங்கள் நாட்டில் பழைய மேசைகள் பில்லியர்ட்ஸுக்கும் ஸ்னூக்கருக்கும்தான் போடப்பட்டன. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டம் எடுத்த எங்கள் நாட்டு மொஹமட் லாஃபிர் விளையாடியதும் பில்லியர்ட்ஸ். அதனால் இங்கே பூல் மேசைக்குப் பக்கத்திலும் சுவரில் ஸ்னூக்கர் கியூ சாத்தியிருப்பதைக் காணலாம். உங்கள் விடுதியில் இருக்கிற கியூவைக் கையில் எடுத்து, முனையில் இருந்து ஒரு அடிக்கு விரலால் தடவிப் பாருங்கள். பருத்துக்கொண்டே போகிறதென்றால் வளையத்தை மறந்துவிட்டுத் திறந்த கையால் விளையாடுங்கள், அந்தக் கியூவுக்கு அதுதான் பொருத்தம்.

மேசையைச் சுற்றி இருக்கிற ரப்பர் விளிம்பான குஷனின் ஓரத்தில் வெள்ளைப் பந்து நிற்கும்போது ஆட்டமே மாறிவிடும். குஷனின் மூக்கு, அதாவது பந்து வந்து படுகிற முன் விளிம்பு, பந்தின் உயரத்தில் 62.5 முதல் 64.5 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக பூல் சங்கத்தின் அளவு. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர், பந்தின் மையமோ 28 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது குஷனுக்கு மேலால் போகிற கியூ எப்படியும் சரிந்துதான் போகும், அதைத் தவிர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். பந்து குஷனில் இருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் கையை விளிம்பின் பலகையில் தட்டையாக வைத்து, பெருவிரலைக் கீழே மடித்துவிட்டு, கியூவைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஓடவிடுங்கள். பெருவிரலின் பக்கம் ஒரு சுவர் மாதிரி நிற்கும், சுட்டுவிரல் மறுபக்கம். எனக்கு மேசையில் மிகப் பிடித்த பிரிட்ஜ் இதுதான், பலகை அசையாது, கையும் அசையாது, பழகினவர்களுக்கு வெட்டவெளியில் அடிப்பதைவிட இது நேராகப் போகும்.

பந்து குஷனோடு ஒட்டியே நின்றால் தெரிகிறது மேற்பகுதி மட்டும்தான். அப்போது கையைப் பின்னால் இழுத்து விரல் நுனிகளை மட்டும் பலகையின் ஓரத்தில் ஊன்றுங்கள், பின்கையையும் அதே அளவு பின்னுக்கு எடுங்கள், கியூவைக் கொஞ்சம் மட்டும் சரியுங்கள், குட்டையான மெதுவான அடி. இந்த இடத்தில் பலமாக அடிக்கப் போகாதீர்கள், சுழற்சியும் கேட்காதீர்கள். பந்து பொக்கெட்டில் விழுந்தால் போதும், அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே நிற்கும் என்று யோசிக்கிற இடம் இதுவல்ல. சின்ன அறைகளில் மேசை போட்டிருக்கிற இடங்களில் பின்னால் சுவர் இடிக்கும், அங்கே குட்டையான கியூ ஒன்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கியூவின் நடுவில் பிடித்து அடியுங்கள்.

இன்னொரு பந்துக்கு மேலால் அடிக்க வேண்டிவருகிற நேரம் இருக்கிறதே, அதுதான் பழகுகிறவர்கள் அதிகம் ஃபவுல் கொடுக்கிற இடம். உள்ளங்கை முழுக்க மேலே வந்துவிடும், நான்கு விரல் நுனிகள் மட்டும் துணியில், பெருவிரல் நிமிர்ந்து மேலே பள்ளம். சுட்டுவிரலையும் சின்னவிரலையும் நன்றாக அகட்டி அழுத்தினால் இந்தப் பிரிட்ஜ் நிற்கும், விரல்கள் சேர்ந்திருந்தால் நடுங்கும். கியூ நன்றாகச் சரிந்திருப்பதால் நடுக்கோட்டில் இருந்து விலகாமல் மெல்ல அடியுங்கள், விலகினால் பந்து வளைந்து ஓடும். சட்டப்படி கையோ, சட்டையோ, கியூவோ எந்தப் பந்தில் பட்டாலும் ஃபவுல். ஊரில் சில மேசைகளில் வெள்ளைப் பந்தை மட்டும்தான் கணக்கெடுக்கிறார்கள், ஆகவே தொடங்க முன்னமே கேட்டுவிடுங்கள், நடுவில் சண்டை வேண்டாம். அடித்த பிறகு கையை நேரே மேலே தூக்கி எடுங்கள். பின்னால் இழுத்தால் சின்னவிரல் பந்தில் பட்டுவிடும்.

கை எட்டாத பந்துக்கு மேசை மேல் ஏறிப் படுக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி, அதையும் விட்டுவிடுகிறார்கள். கைக்குப் பதிலாகக் கியூவைத் தாங்குகிற, நுனியில் தலைப்பகுதி வைத்த கோலான ரெஸ்டை எடுங்கள், அது மேசைக்குக் கீழே தொங்குவது அதற்குத்தான். தலைப்பகுதியைப் பந்தில் இருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, கோலைத் துணியில் படுக்கவைத்து இடது கையால் அழுத்திப் பிடியுங்கள், அந்தரத்தில் தூக்கிப் பிடிக்காதீர்கள். கியூவின் அடியை வலது கைவிரல்களால் பிடித்து, முழங்கையைப் பக்கவாட்டில் எடுத்து, குட்டையாகத் தள்ளுங்கள்.

இனி எங்கள் ஊருக்கென்று இருக்கிற பிரச்சினை, வியர்வை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெக்கை, மாரி தொடங்கினால் புழுக்கம், கடற்கரையோர மேசையென்றால் உப்புக் காற்றும் சேர்ந்து கியூ ஒட்டிப் பிடிக்கும். ஒட்டுகிற கியூ கையையும் சேர்த்து இழுக்கும், மேலே சொன்ன அந்த 2 மில்லிமீட்டர் அங்கே போய்விடும். உடனே எல்லாரும் பவுடரைத் தேடுவார்கள், கரம் பலகையில் தூவின பழக்கம். கரத்தில் காய் வழுக்கத் தூவுகிறோம், பூல் மேசையில் அதற்கு வேலையே இல்லை. துணியில் கொட்டின பவுடர் நெசவுக்குள் இறங்கித் துணியை அழுக்காக்கும், பந்திலும் ஒட்டும். கியூவை ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் நன்றாகத் தேயுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், லேஞ்சி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் விரலைத் துடையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மூன்று விரலுக்கு வருகிற கையுறை போடுங்கள், மூடிய பிரிட்ஜுக்கு அது உண்மையிலேயே உதவும். மணல் இருக்கிற இடத்தில் விளையாடினால் கையை ஊன்ற முன்னம் அந்த இடத்தைத் தட்டிவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளங்கைக்குக் கீழே இருந்தாலும் கை உருளும்.

பழகுவதற்கு மேசைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு தடித்த துணியை விரியுங்கள், வெறும் சோடாப் போத்தல் ஒன்றைப் படுக்கவைத்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள், திறந்த பிரிட்ஜைப் போட்டு, கியூவை அல்லது அதே தடிப்பில் நேரான ஒரு கம்பைப் போத்தல் வாய்க்குள் விட்டு எடுங்கள், ஓரத்தில் தட்டாமல். மெதுவாக. தட்டுகிற சத்தம் கேட்டால் வலது கையைப் பார்க்க முன்னம் இடது கையைப் பாருங்கள். மேசைக்குப் போகிற நாட்களில் வேறு பந்து வைக்காமல் வெள்ளைப் பந்தை மட்டும் எதிர்க் குஷனுக்கு நேரே அடித்து, அது திரும்பி வந்து கியூ முனையில் தட்டும்வரை கையை எடுக்காமல் குனிந்தபடியே இருங்கள். அடித்தவுடன் கை தூக்குவது எல்லாருக்கும் இருக்கிற பழக்கம், தூக்க வேண்டும் என்ற நினைப்பு அடிக்கும் முன்னமே கைக்கு வந்துவிடுகிறது. பந்து உங்கள் முனைக்கே திரும்பி வர ஆரம்பித்த பிறகு மூடிய பிரிட்ஜைத் தொடுங்கள், அதையும் பலமான டிரோவுக்கு மட்டும்.

தங்கச்சிக்கு: சின்னக் கைக்குத் திறந்த பிரிட்ஜ்தான். வளையம் போட்டால் அவளுடைய சுட்டுவிரல் 13 மில்லிமீட்டர் கியூவைச் சுற்றிப் பெருவிரலைத் தொட எட்டாமல் இழுபடும், மீதி விரல்கள் ஊன்றுவதற்குப் போதாது. விரல்களை அவள் முழுக்க அகட்டட்டும், பந்தில் இருந்து 12, 15 சென்டிமீட்டரில் கையை வைக்கட்டும், கியூவைப் பின் நுனியில் பிடிக்காமல் முழங்கையில் இருந்து கை நேரே கீழே தொங்குகிற இடத்தில் பிடிக்கட்டும். மெல்லிய முனையுள்ள ஸ்னூக்கர் கியூ அங்கே இருந்தால் அதை அவளுக்குக் கொடுங்கள். எட்டாத பந்துக்கு முதல் நாளில் இருந்தே ரெஸ்ட் எடுக்கப் பழக்குங்கள், மேசை மேல் ஏற விடாதீர்கள்.